பதினான்காம் கேள்வி

படிவத்துக்கு நாற்பத்தைந்து ரூபாய்.
முப்பது வீடு முடித்தால் பஸ் கூலி தனி.
திக்கணங்கோட்டில் இது இருபத்திரண்டாவது வீடு.
வாழையிலைகளில் மழை இன்னும் சொட்டுகிறது,
மேலே நின்றுவிட்ட பிறகும்.

சென்ற வாரம் தாங்கள் உண்ட இறைச்சி
அ) பதப்படுத்தியது
ஆ) பதப்படுத்தாதது
ஒன்றில் மட்டும் டிக் செய்யவும்.

லில்லிபாய் கரண்டியைக் கீழே வைக்கவில்லை.
"இறச்சி தின்னோம். அது என்ன படுத்தினது?"

பயிற்சியில் தந்ததை ஒப்பித்தேன்.
வெட்டினால் இல்லை. கொத்தி அரைத்தாலும் இல்லை.
ஐஸில் வைத்தால் இல்லை.
உப்பிட்டோ புகையிட்டோ மருந்திட்டோ
நாள்பட நிற்பதற்காகச் செய்தால், ஆம்.
மார்த்தாண்டம் சூப்பர் மார்க்கெட்டில்
கண்ணாடிக் கதவுக்குள்
ரோஜா நிறத்தில் விரல் விரலாகக் கிடக்குமே, சாசேஜ்,
அது.

"அதை யாரு மக்ளே வாங்குவா."
எனக்கும் நிம்மதி.
ஆ-வில் பேனாவை வைத்தேன்.

"நில்லு. உப்பு போட்டா?"

ஞாயிறு முதல் பூசை முடிந்து
கருங்கல்லில் மீரான் கடையில் வரிசை நின்று
வாங்கிய இரண்டு கிலோ.
பாதியை அன்றே ஆக்கினாள்.
மீதியில் உப்பும் மஞ்சளும் பிரட்டி பிரிட்ஜில் வைத்தாள்,
கரண்டு போனாலும் நிற்கட்டும் என்று.
ருசிக்கு என்றால் ஆ.
நிற்கட்டும் என்றால் அ.
உப்பு ஒன்றுதான், அள்ளிய கையும் ஒன்றுதான்.
அள்ளும்போது மனதில் என்ன இருந்தது என்று
படிவத்தில் எங்கும் கேட்கவில்லை.

உருளியில் கிடப்பதோ இரண்டிலும் சேராது.
தேங்காய்க் கொத்தும் நல்லமிளகும் போட்டுக்
காலையிலிருந்து வறட்டுகிறாள்.
தண்ணீரின் சத்தம் அடங்கி எண்ணெயின் சத்தம் வந்து
அதுவும் அடங்கி
கறுத்த துண்டுகள் இரும்பில் உரசும் ஓசை மட்டும்.
மகன் நாளைக்கு மஸ்கட் போகிறான்.
செய்தித்தாள், பாலிதீன், மேலே பிரவுன் டேப்;
சட்டைகளுக்கு நடுவே பதினைந்து நாள் கெடாது.

"இது எதுல வரும்?"

வீட்டுச் சமையல் பதப்படுத்தியது ஆகாது
என்கிறது கையேட்டின் ஆறாம் பக்கம்.
கடல் தாண்டிப் போய்
பதினைந்து நாள் இருக்கும் சமையலை
அந்தப் பக்கம் பார்த்ததில்லை.
ஜஸ்டஸ் சாருக்குப் போன் போட்டேன்.
ஏதாவது ஒன்றில் போடும்மா, என்றார்.
ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்று நம்பித்தான்
இந்தக் கணக்கெடுப்பே நடக்கிறது.
நசுக்கிப் பார்த்த சோறு
திரும்பக் கேள்வி கேட்டால் என்ன செய்வதென்று
யாரும் சொல்லித் தரவில்லை.

அவள் கிளறிக்கொண்டே சொன்னாள்:
"அந்த வார்த்தை எனக்குத் தெரியும் பிள்ளே.
இவனுக்க அப்பன் தம்மாமில இருந்து வந்தப்போ
திருவனந்தபுரம் ஏர்போர்ட்டில ஒருத்தன்
பேப்பரைப் பாத்து வாசிச்சான்.
பதப்படுத்திதான் அனுப்பியிருக்கு, பயப்படாதீங்க,
ரெண்டு நாள் தாங்கும்னான்."

பேனா மூடியைத் திறந்தேன். மூடினேன்.

"பதினோரு நாள் கழிஞ்சாக்கும் வந்தது.
மொகம் அப்படியே இருந்து.
மணம்தான் இல்ல.
பீடி மணம்கூட."

உருளியை இறக்கினாள்.
பீங்கான் தட்டில் மரச்சீனிக் கிழங்கு,
ஓரத்தில் மூன்று துண்டு.
"தின்னு பாரு. உப்பு பதமா இருக்கா?"

இருந்தது.

பதினான்கை விட்டுவிட்டுப் பதினைந்துக்குப் போனேன்:
வாரத்தில் எத்தனை நாள் பழம்.
பாளையங்கோடன் தினமும், என்றாள்.
கடைசிப் பக்கத்தில் குறிப்புகள் என்ற இடத்தில்
நல்லமிளகு கொஞ்சம் கூடுதல்
என்று எழுதிக் கையெழுத்திட்டேன்.

முன்னறையில் மகன் பெட்டியைத் தராசில் தூக்கிப் பார்த்தான்.
ஒரு கிலோ அதிகம்.
திறந்து, யோசித்து,
புது ஜீன்ஸ் இரண்டை எடுத்து
வெளியே வைத்தான்.